90 என்ற எண்ணும் அம்மாவின் மாத்திரையும்: அமெரிக்காவில் ஓபியாய்டு கட்டுப்பாடு நாட்பட்ட வலிக்காரர்களை என்ன செய்கிறது?

கேள்வி: முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வலி தீராத என் அம்மா, அமெரிக்காவில் ஒன்பது வருடமாக ஆக்ஸிகோடோன் 20 மி.கி. மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை எடுத்துக்கொண்டிருக்கிறார். பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். புது டாக்டர், "சட்டப்படி இவ்வளவு தர முடியாது, இரண்டு மாதத்தில் நிறுத்திவிடலாம்" என்கிறார். உண்மையிலேயே அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா? நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்:

அப்படி ஒரு சட்டம் நாடு முழுவதற்கும் கிடையாது. நாட்பட்ட வலிக்கு இத்தனை மில்லிகிராமுக்கு மேல் எழுதக் கூடாது என்று மத்திய அரசின் சட்டம் எதுவும் சொல்லவில்லை. மாநில விதிகள் வேறுபடும். வாஷிங்டன் மாநிலத்தில் ஓர் அளவைத் தாண்டினால் வலி நிபுணரிடம் ஆலோசனை கேட்க வேண்டும். மெய்ன் மாநிலம் 2016இல் வரம்பே வைத்தது. அங்கும் விதிவிலக்குகள் உண்டு. ஆகவே டாக்டர் "சட்டம்" என்று சொன்னால், எந்த மாநிலத்தின் எந்த விதி என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் அது கிளினிக்கின் சொந்தக் கொள்கையாகவோ இன்சூரன்ஸ் கம்பெனியின் நெருக்கடியாகவோதான் இருக்கும்.

அம்மாவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள், விஷயம் புரியும். ஆக்ஸிகோடோன், மார்ஃபின் போன்ற வலுவான வலி மருந்துகள்தான் ஓபியாய்டு. ஒவ்வொரு ஓபியாய்டையும் மார்ஃபினின் பலத்துக்கு மாற்றி அளக்கும் அலகுக்கு எம்.எம்.இ. என்று பெயர். ஆக்ஸிகோடோனுக்குப் பெருக்கும் எண் 1.5. அம்மா எடுப்பது நாளுக்கு 60 மி.கி.; 1.5ஆல் பெருக்கினால் சரியாக 90 எம்.எம்.இ. அந்த 90தான் பிரச்சினை.

1996இல், ஆக்ஸிகோடோனின் மெதுவாகக் கரையும் வகையான ஆக்ஸிகான்டின் சந்தைக்கு வந்தது. அடிமையாகும் ஆபத்து மிகக் குறைவு என்று சொல்லியே விற்றார்கள். பொய்யான விளம்பரம் தொடர்பாக அதைத் தயாரித்த பர்டியூ நிறுவனம் 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் ஊருக்கு ஊர் மாத்திரை பெருகி, பல்லாயிரம் பேர் இறந்திருந்தார்கள். ஓபியாய்டு மருந்துச் சீட்டுகள் உச்சம் தொட்டது 2012இல்: சுமார் 25.5 கோடி. கட்டுப்பாடு தேவைப்பட்டது என்பதில் சந்தேகமே இல்லை. 2016 மார்ச்சில் அரசின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நாட்பட்ட வலிக்கு ஓபியாய்டு எழுதும் பொது மருத்துவர்களுக்கானது அது. 50 எம்.எம்.இ.யைத் தாண்டும்போது மறுபடி யோசியுங்கள், 90க்கோ அதற்கு மேலோ ஏற்றுவதைத் தவிருங்கள், ஏற்றினால் தக்க காரணம் இருக்கட்டும் என்றது.

மருந்தை ஏற்றும்போது கவனமாக இருங்கள் என்று சொன்ன இந்த வரியைத்தான், ஏற்கெனவே அந்த அளவில் இருப்பவர்களைக் கீழே இறக்குங்கள் என்று பலரும் படித்தார்கள். என் பார்வையில் பத்து வருடக் குளறுபடியின் வேர் இதுதான். புதிதாக ஒருவருக்கு ஓபியாய்டு ஆரம்பிப்பதும், ஒன்பது வருடம் எடுத்தவரிடமிருந்து அதைப் பிடுங்குவதும் மருத்துவ ரீதியாக ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு முடிவுகள். ஆரம்பிக்காமல் இருப்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது: 2018இல் வெளிவந்த ஒரு சோதனையில், முதுகுவலியும் மூட்டுத் தேய்மான வலியும் உள்ள 240 முன்னாள் படைவீரர்களை ஒரு வருடம் கவனித்தபோது, ஓபியாய்டு மற்ற மருந்துகளைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. ஆனால் நீண்ட காலம் ஓபியாய்டிலேயே இருந்தவர்கள் அந்தச் சோதனையில் சேர்க்கப்படவில்லை. அதை வைத்து உங்கள் அம்மாவுக்கு முடிவு சொல்ல முடியாது.

வழிகாட்டுதல் யாரையும் கட்டுப்படுத்தாது என்றுதான் அதிலேயே எழுதியிருந்தது. இருந்தும் மாநிலங்கள் அதைச் சட்டமாக்கின, இன்சூரன்ஸ் கம்பெனிகள் முன் அனுமதிக்கான கோடாக்கின. கிளினிக்குகளின் தரத்தை மதிப்பிடுகிறவர்கள் 90 எம்.எம்.இ.க்கு மேல் எத்தனை நோயாளிகள் என்பதையே ஒரு குறையாக எண்ணினார்கள். 2019 ஜனவரியிலிருந்து, முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேரின் மருந்துத் திட்டங்களில் 90ஐத் தொட்டால் மருந்துக்கடைக்காரரின் திரையில் எச்சரிக்கை வரும். அவர் டாக்டரை அழைத்துக் கேட்ட பிறகே மருந்து கிடைக்கலாம். சில திட்டங்கள் 200இல் முழுசாக நிறுத்தி வைக்கும். இத்தனைக்கும் நடுவில் ஒரு டாக்டர், "எனக்கு எதற்கு வம்பு" என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை. போதை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.இ.ஏ. தன் உரிமத்தைப் பறித்துவிடுமோ என்ற பயம் அவருக்கு நிஜமாகவே உண்டு. 2022 ஜூனில் ரூவான் வழக்கில் உச்ச நீதிமன்றம், டாக்டர் தெரிந்தே, வேண்டுமென்றே முறைகேடாக எழுதினார் என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகும் அந்தப் பயம் போய்விடவில்லை.

இதனால் என்ன நடந்தது என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. வெர்மான்ட் மாநிலத்தில் அதிக டோஸில் இருந்து நிறுத்தப்பட்ட 494 மெடிகெய்டு (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) நோயாளிகளைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு டோஸைக் குறைக்கத் தொடங்கியதற்கும் முழுசாக நிறுத்தியதற்கும் இடையில் ஒரு நாளுக்கு மேல் இடைவெளி இல்லை. ஏறக்குறைய பாதிப் பேர் பிறகு ஓபியாய்டு தொடர்பான காரணத்துக்காக மருத்துவமனைக்கோ அவசரப் பிரிவுக்கோ போனார்கள். 2021இல் வந்த பெரிய ஆய்வு, நிலையான அதிக டோஸில் இருந்த 1,13,618 பேரைப் பற்றியது. டோஸ் குறைக்கப்பட்டவர்களிடம் மிகைமருந்து (ஓவர்டோஸ்) அல்லது மருந்து விலகல் (மருந்து குறைவதால் வரும் உடல் உபாதை) சம்பவங்கள் வருடத்துக்கு 100 பேருக்கு 9.3, குறைக்கப்படாதவர்களிடம் 5.5. மனநல நெருக்கடிகள் 7.6, மற்றவர்களிடம் 3.3. இவை கவனிப்பு ஆய்வுகள், காரண காரியத்தை முழுசாக நிரூபிப்பவை அல்ல. ஆனால் குறைத்தால் பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல இனி யாராலும் முடியாது. மிச்சிகனில் பொது மருத்துவ கிளினிக்குகளை நோயாளி போல அழைத்துக் கேட்டபோது, பத்தில் நான்கு, ஓபியாய்டு எடுப்பவரென்றால் புது நோயாளியாகச் சேர்ப்பதில்லை என்றன.

மருந்துச் சீட்டுகள் 2012இலிருந்து 2020க்குள் 14.2 கோடியாகக் குறைந்தன. அதே காலத்தில் போதை மருந்து மிகையால் இறந்தவர்கள் சுமார் 41,500இலிருந்து 91,800ஆக ஏறினார்கள். 2022இல் 1,07,000ஐத் தாண்டியது. பெரும்பாலானவை, ஃபென்டனில் என்ற கடும் ஓபியாய்டின் கள்ளச் சரக்கால். சீட்டு குறைந்ததால்தான் சாவு கூடியது என்று சொல்லவில்லை. வலிக்காரர்களின் மாத்திரையைக் குறைத்தது அந்தச் சாவுகளைத் தடுக்கவில்லை என்பது மட்டும் கண்ணெதிரே தெரிகிறது.

அதிகாரிகளும் இதை உணர்ந்தார்கள். 2019 ஏப்ரலில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ., திடீரென நிறுத்துவது கடுமையான விலகல் நோய், கட்டுக்கடங்காத வலி, தற்கொலை வரை கொண்டுபோகும் என்று எச்சரித்தது. 2016 வழிகாட்டுதலை எழுதியவர்களே, அது தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று அதே ஆண்டில் எழுதினார்கள். 2022 நவம்பரில் வந்த புதிய வழிகாட்டுதலின் பரிந்துரைகளில் 50, 90 என்ற எண்களே இல்லை. அதைவிட முக்கியமாக, ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதம் 10 சதவீதம் அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பதே தாங்கக்கூடியது என்றும், உயிராபத்து அறிகுறி இல்லாதபோது சட்டென்று நிறுத்தக் கூடாது என்றும் அது சொல்கிறது. புது டாக்டரிடம் போகும்போது இந்தப் பகுதியை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். சண்டைக்காக வேண்டாம். அவருடைய குறிப்பேட்டில் நியாயம் எழுதிக்கொள்ள அவருக்கே அது உதவும்.

இரண்டு மாதத்தில் 60 மி.கி.யிலிருந்து பூஜ்யம் என்பது எவ்வளவு வேகம் என்று பார்க்கலாம். இப்போது காலை, மதியம், இரவு 20, 20, 20. முதல் படியில் மதிய வேளையை 15 ஆக்கினால் 55. இது 8 சதவீதக் குறைப்பு. அடுத்து காலையும் 15: மொத்தம் 50. பிறகு மூன்று வேளையும் 15: மொத்தம் 45. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது நான்கு வாரம். இப்படிப் போனால் 30 மி.கி.யைத் தொடவே ஆறு மாதம் ஆகும். அதற்குக் கீழே 5 மி.கி. என்பது ஆறில் ஒரு பங்கு. ஒரே தாவலில் தாங்காது. சாதாரண 5 மி.கி. மாத்திரையைப் பாதியாக்கி 2.5, 2.5 ஆக இறங்க வேண்டும். அப்படியே பூஜ்யம் வரை போனால் ஒன்றரை வருடம். பூஜ்யத்துக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 40இல் அம்மா நன்றாக நடமாடினால் அங்கேயே நிற்கலாம். நடுவில் ஒரு மாதம், இரண்டு மாதம் இடைவேளை விடுவது தோல்வி ஆகாது. கடைசிப் பகுதிதான் எப்போதும் கடினம். இந்தத் திட்டத்தை நீங்களாகத் தொடங்காதீர்கள். 15, 10, 5 மி.கி. மாத்திரைகளை டாக்டர் அதற்கேற்ப எழுதித் தர வேண்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையென்றால் உடைக்கவோ நசுக்கவோ கூடவே கூடாது. பன்னிரண்டு மணி நேர மருந்து ஒரே அடியில் இறங்கிவிடும்.

வேகமாகக் குறைத்தால் என்ன ஆகும்? கடைசி டோஸுக்குப் பிறகு 8 முதல் 24 மணி நேரத்துக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல், தூக்கமின்மை. கூடவே பழைய வலி பல மடங்காகத் திரும்பும். இதில் எது விலகல், எது நோயின் வலி என்று முதல் பத்து நாளில் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே அந்த நாட்களில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. க்ளோனிடின் அல்லது லோஃபெக்ஸிடின் விலகல் அறிகுறிகளைக் குறைக்கும். ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம் என்பதால் வயதானவர்கள் எழுந்திருக்கும்போது கவனம் தேவை. இன்னொன்றையும் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: சில வாரம் குறைந்த டோஸில் இருந்த உடல் பழைய டோஸைத் தாங்காது. மிச்சம் வைத்த பழைய மாத்திரையை வலி பொறுக்காமல் ஒருநாள் பழைய அளவில் எடுத்தால் மூச்சு நிற்கலாம். ஓபியாய்டு மிகையை முறிக்கும் நலாக்ஸோன் 4 மி.கி. மூக்கு ஸ்பிரே 2023இலிருந்து சீட்டில்லாமலே கிடைக்கிறது. மயங்கிய நிலையில் அம்மாவால் தானே ஸ்பிரே அடித்துக்கொள்ள முடியாது. அது எங்கே இருக்கிறது என்று கூட இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளியில் யாரிடமும் மாத்திரை வாங்கவே வாங்காதீர்கள். நீலநிற 30 மி.கி. ஆக்ஸிகோடோன் போலவே அச்சடித்த போலிகளில் இருப்பது ஃபென்டனில், 2023இல் டி.இ.ஏ. சோதித்த போலி மாத்திரைகளில் பத்துக்கு ஏழில் உயிரைக் குடிக்கும் அளவு இருந்தது. "இனி இருந்து என்ன" என்ற ரீதியில் அம்மா பேசினால் அதை வெறும் சலிப்பு என்று விட்டுவிடாதீர்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

டாக்டர் உடனே எழுத மறுத்தால், மாற்று டாக்டர் கிடைக்கும் வரை இடைக்காலச் சீட்டு கேளுங்கள். வாயால் கேட்பதோடு நோயாளி போர்ட்டலிலும் எழுதுங்கள். பதிலும் எழுத்தில் வரும். பழைய கிளினிக்கின் ஆவணங்களை இன்றே கோருங்கள்: இரண்டு வருடக் குறிப்புகள், ஸ்கேன் அறிக்கைகள், அறுவை சிகிச்சைக் குறிப்பு, சிறுநீர் சோதனை முடிவுகள், ஏற்கெனவே முயன்று பலனளிக்காத மருந்துகளின் பட்டியல். கேட்ட 30 நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். ஓய்வு பெற்ற டாக்டரின் ஆவணங்கள் யார் பொறுப்பில் இருக்கின்றன என்று விசாரிப்பதிலேயே பலருக்கு ஒரு மாதம் போய்விடுகிறது.

"வலி பத்துக்கு எட்டு" என்று சொல்வதைவிட, மருந்தோடு அம்மா என்ன செய்கிறார் என்று எழுதிக் கொடுங்கள். எத்தனை நிமிடம் நின்று சமைக்கிறார், எவ்வளவு தூரம் நடக்கிறார், எத்தனை மணி நேரம் தொடர்ந்து தூங்குகிறார், குளிக்கத் துணை தேவையா. தொடர்வதற்கான காரணமாக டாக்டர் பதிவு செய்யக்கூடியது இதைத்தான். தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ லோராஸெபாம், அல்ப்ராஸோலாம் போன்றவையும் சேர்ந்து ஓடினால் டாக்டர்கள் தயங்குவார்கள். நியாயமான தயக்கம், இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடக்கும். அவற்றையும் சட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம்.

மருந்துக்கடையில் நடப்பது தனிக் கதை. ஓபியாய்டு வழக்குகளை முடிக்கப் போட்டு, 2022 முதல் நடைமுறைக்கு வந்த சமரச ஒப்பந்தங்களின்படி பெரிய மொத்த விநியோகஸ்தர்கள் ஒவ்வொரு கடைக்கும் ஓர் உச்ச அளவு வைக்கிறார்கள். அது எவ்வளவு என்று கடைக்கே சொல்வதில்லை. அதனால் "ஸ்டாக் இல்லை" என்பது பல சமயம் உண்மை. ஒரே கடையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தேதிக்கு மூன்று நாள் முன்பே கேளுங்கள். ஆக்ஸிகோடோன் இரண்டாம் அட்டவணை (கடும் கட்டுப்பாட்டுப் பட்டியல்) மருந்து, ரீஃபில் கிடையாது. 90 மாத்திரைக்கு 40தான் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் உஷாராக இருங்கள்: ஸ்டாக் இல்லாமல் பாதி கொடுத்தால் மீதியை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், தவறினால் அந்த மீதி போயே போய்விட்டது, புதுச் சீட்டு வேண்டும். நோயாளியோ டாக்டரோ கேட்டுப் பாதியாக வாங்கினால் 30 நாள் அவகாசம் உண்டு. மின்சீட்டை இன்னும் நிரப்பாத நிலையில் ஒரே ஒரு முறை வேறு கடைக்கு மாற்றலாம் என்று 2023 ஆகஸ்டிலிருந்து டி.இ.ஏ. அனுமதிக்கிறது. பல கடைகளில் ஊழியர்களுக்கே இது சரியாகத் தெரிவதில்லை. மாநில விதியும் இடம் கொடுக்க வேண்டும்.

ஓபியாய்டு எடுப்பவர்களுக்குக் கிளினிக்குகள் செய்யும் சிறுநீர் சோதனையில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு: கசகசா. குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசாவால் மார்ஃபினும் கோடீனும் சிறுநீரில் தென்படலாம். எழுதித் தராத மார்ஃபின் வந்துவிட்டால் கிளினிக்கோடு செய்த மருந்து ஒப்பந்தத்தை மீறியதாக மருந்தை நிறுத்துகிற கிளினிக்குகள் இருக்கின்றன. 2023இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் படைவீரர்களையே கசகசாவைத் தவிர்க்கச் சொன்னது. அம்மாவின் சமையலில் அதற்குப் பதில் முந்திரியோ தேங்காயோ போதும். எதிர்ப்பக்கமும் ஒரு பொறி இருக்கிறது: மலிவான முதல்கட்டச் சோதனை மார்ஃபின், கோடீனைத் தேடும், ஆக்ஸிகோடோனைப் பெரும்பாலும் பிடிக்காது. "உடம்பில் மருந்தே இல்லை, விற்கிறீர்களா" என்று கேட்கும் நிலை அதனால் வருவதுண்டு. அப்படி வந்தால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி உறுதிப்படுத்தும் சோதனையை உடனே கோருங்கள். அதில் ஆக்ஸிமார்ஃபோன் தெரிந்தால் அது கூடுதல் மருந்து இல்லை. ஆக்ஸிகோடோன் உடலில் மாறும் வடிவமே அது.

மாற்று மருந்தாகப் பலர் யோசிக்காத ஒன்று புப்ரெனார்ஃபின். வலியைக் குறைக்கும், ஆனால் மூச்சை அடக்கும் விளைவு ஓர் அளவுக்கு மேல் ஏறுவதில்லை. சி.டி.சி. பட்டியலில் அதற்கு எம்.எம்.இ. எண்ணே இல்லை, ஆகவே 90 கணக்கில் வராது. தோலில் ஏழு நாள் ஒட்டும் பட்டையின் உச்ச அளவு மணிக்கு 20 மைக்ரோகிராம். அம்மாவின் டோஸுக்கு அது போதாமல் போகலாம், கன்னத்தின் உள்ளே ஒட்டும் படலம் பொருந்தலாம். மாற்றும் விதம்தான் முக்கியம். புப்ரெனார்ஃபின் ஆக்ஸிகோடோனை ஏற்பியிலிருந்து (மருந்து உடலில் ஒட்டும் இடம்) தள்ளிவிட்டு உட்காரும். உடம்பில் ஆக்ஸிகோடோன் நிறைய இருக்கும்போது கொடுத்தால் அரை மணியில் கடும் விலகல் வரும். எனவே ஓர் இடைவெளி விட்டோ, மிகச் சிறு அளவில் தொடங்கிப் பழையதை மெல்ல விலக்கியோ மாற்றுவார்கள். வாயில் கரையும் வகை பல்லைக் கெடுக்கலாம் என்று 2022இல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது: கரைந்ததும் தண்ணீர் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்க வேண்டும். இதே மருந்து போதை அடிமைத்தன சிகிச்சைக்கும் பயன்படுவதால், குறிப்பேட்டில் நோய் "நாட்பட்ட வலி" என்றே இருக்கிறதா என்று பாருங்கள். பிற்காலத்தில் வேறு டாக்டர்கள் அந்த ஒரு வரியை வைத்துத்தான் அம்மாவை நடத்துவார்கள்.

இந்தியாவிலிருந்து மாத்திரை வரவழைக்கலாமா என்று இந்த நெருக்கடியில் பல குடும்பங்கள் யோசிக்கின்றன. தபாலில் வேண்டவே வேண்டாம். கட்டுப்படுத்தப்பட்ட மருந்தை அப்படி இறக்குமதி செய்வது குற்றம். ட்ரமடால் என்ற வலி மருந்து அமெரிக்காவில் 2014 முதல் நான்காம் அட்டவணையில் இருக்கிறது, டாபென்டடால் இரண்டாம் அட்டவணையில். இந்தியாவிலும் 2018 முதல் ட்ரமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அமெரிக்காவில் வசிப்பவர் தன் சொந்த உபயோகத்துக்கு வெளிநாட்டில் வாங்கிக் கையில் கொண்டுவரும் இத்தகைய மருந்துகளுக்கு டி.இ.ஏ. வைத்திருக்கும் வரம்பு எல்லாம் சேர்த்து 50 மாத்திரை. அதுவும் வாங்கிய பெட்டியிலேயே, சுங்கத்தில் சொல்லிக் கொண்டுவர வேண்டும். ட்ரமடாலும் எம்.எம்.இ. கணக்கில் ஏறும் மருந்துதான்: 2016 பட்டியலில் அதன் எண் 0.1, 2022இல் 0.2. நாளுக்கு 300 மி.கி. எடுப்பவர் ஒரு மாத்திரைகூடக் கூட்டாமலேயே 30இலிருந்து 60 எம்.எம்.இ.க்குப் போனார். அம்மா அதை டாக்டருக்குத் தெரியாமல் ஆக்ஸிகோடோனோடு சேர்த்து எடுத்தால் சிறுநீர் சோதனையில் மாட்டுவது ஒருபுறம் இருக்க, வலிப்பு வரும் ஆபத்தும் கூடும். மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவரென்றால் இன்னும் அதிகம்.